வெனிசில் முதலில்லாதவன் கடல் வணிகம் செய்த வழி

வணக்கம். உங்கள் நாவலில் 1200ஆம் ஆண்டளவில் வெனிசில் வாழும் ஏழை இளைஞன் ஒருவன் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குச் சென்று மிளகு வாங்கி வர வேண்டும், ஆனால் கடன் வாங்கிக் கப்பல் மூழ்கினால் அவன் மீளவே முடியாது, அதனால் நாவல் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவனைக் கடன்காரனாக்கத் தேவையே இல்லை.

வெனிசில் 'கொல்லெகான்சா' என்ற கூட்டு ஒப்பந்தம் அப்போது பரவலாக இருந்தது. ஊரிலிருப்பவர் முதல் முழுவதையும் போட்டால், பயணம் செய்பவருக்கு இலாபத்தில் கால் பங்கு கிடைக்கும். பயணி மூன்றில் ஒரு பங்கு முதல் போட்டால் இலாபம் சரிபாதியாகும். சரக்கு கடலோடு போனால், முதல் போட்டவரின் பணத்தைப் பயணி திருப்பித் தர வேண்டியதில்லை என்பதுதான் உங்கள் கதைக்கு உயிர்நாடி. 1073 ஆகஸ்டில் வெனிசின் வணிக மையமான ரியால்தோவில் எழுதப்பட்ட பத்திரமொன்று இன்றும் இருக்கிறது: ஜொவான்னி லிசாதோ 100 லிராவும் செவாஸ்தோ ஒரெஃபிச்சே 200 லிராவும் போட, லிசாதோ கிரேக்கத்தின் தீப்ஸ் நகருக்குச் சரக்குடன் புறப்படுகிறார். எவ்வளவு தெளிவான ஆவணம்! முதல் முழுவதையும் ஊரிலிருப்பவரே போடுவதாக மாற்றி, அதன் வடிவத்திலேயே உங்கள் நாயகனின் பத்திரத்தையும் எழுதலாம்.

அவன் ஏறும் கப்பலை மட்டும் மாற்றிவிடுங்கள். அரசு ஏலம் விட்ட 'கேலி' (galley) எனும் துடுப்பு வணிகக் கப்பல்கள் 14ஆம் நூற்றாண்டுக்குரியவை. அவனைத் தனியார் கப்பலில் ஏற்றுங்கள். கதையின் காலத்தையும் பிற்காலத்துக்குத் தள்ள வேண்டாம், ஏனெனில் 1297இல் வெனிசின் ஆட்சி மன்றமான பெருமன்றத்தின் கதவு புதுக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ அடைபட்டுவிட்டதால், இப்படிப்பட்டவன் உயர்வது மிகக் கடினமாகியது.