சுடோகுவில் ஊகத்துக்கு இடமுண்டா?

கேள்வி: கைப்பேசியில் தினமும் சுடோகு ஆடுகிறேன், 140 நாள்களாக ஒரு நாளும் விட்டதில்லை. கடினமான புதிர்களில் ஏதோ ஓர் எண்ணை இட்டுப் பார்ப்பேன். தவறென்றால் சிவப்பாகிவிடும், உடனே மாற்றிவிடுவேன். கணக்கில் நான் சுமார் என்பதால் வேறு வழி தெரியவில்லை. இதில் பிழை உண்டா?

பதில்: உண்டு. முதலில் கணக்கின் மேல் பழி போடாதீர்கள். அமெரிக்காவில் 1979-இல் 'நம்பர் பிளேஸ்' என்று அச்சாகி, 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சுடோகு ஆன இப்புதிரில் கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. கிடையான ஒவ்வொரு வரிசையிலும், மேலிருந்து கீழான ஒவ்வொரு நிரலிலும், ஒவ்வொரு 3×3 சதுரத்திலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் தலா ஒரு முறை வரவேண்டும், அவ்வளவுதான். ஒன்பது எண்களுக்குப் பதிலாக ஒன்பது தமிழ் எழுத்துகளை இட்டாலும் புதிர் சிறிதும் மாறாது.

முறையாக அமைந்த சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். 81 கட்டங்களில் 17-க்கும் குறைவான எண்களைத் தந்தால் அந்த ஒருமை கிட்டவே கிட்டாது என்பதை, அயர்லாந்துக் கணிதவியலாளர் கேரி மெக்கைரின் ஆய்வுக் குழு 2012-இல் கணினியின் துணையோடு நிறுவியது. விடை ஒன்றே என்பதால், அதற்கான காரணமும் தரப்பட்ட எண்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களுக்கு 4, 7 ஆகிய இரண்டு மட்டுமே பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே என்று இன்னும் தெரியாத நிலையிலேயே, அவ்வரிசையின் மற்ற ஏழு கட்டங்களிலும் அவ்விரண்டும் வரமாட்டா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஊகிப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'இங்கே 4 என்று கொண்டால் என்ன ஆகும்?' என்று நீங்களே தொடர்ந்து சென்று, ஒரே நிரலில் இரண்டு 9 வந்து முட்டுவதைக் கண்டு 4-ஐ விலக்கினால், அது முழுமையான நிரூபணம். நீங்கள் செய்வது அதுவன்று. செயலி தன்னிடம் உள்ள விடையோடு ஒப்பிட்டுச் சிவப்புக் காட்டுகிறது. ஊகம் பலித்தாலோ, அந்த எண் ஏன் அங்கே வந்தது என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாமலே போகிறது. அந்த 140 நாள்களில் எத்தனை புதிர்களை நீங்கள் தீர்த்தீர்கள், எத்தனையைச் செயலி தீர்த்தது?

பிழை காட்டும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். பொருந்தக்கூடிய எண்களைக் கட்டத்தின் மூலையில் சிறிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல முடியாத கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். புதிர் அன்றைக்கு முடியாமல் 140 என்ற தொடர் அறுந்தால், அறுந்துபோகட்டும்.