கைக்குழந்தையோடு சுவிஸ் ரயில் பயணம்: 3 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. திருச்சியில் நானும் மனைவியும் வேலை பார்க்கிறோம். அவர் இப்போது பேறுகால விடுப்பில் இருக்கிறார். குழந்தைக்கு 4 மாதம். வரும் மே மாதம், குழந்தைக்கு 9 மாதம் ஆகும்போது, சுவிட்சர்லாந்தில் 5 இரவு தங்கி ரயிலிலேயே சுற்றிவர ஆசை. ஏஜென்ட் 6.2 லட்சம் கேட்கிறார். அதில் ஆறு நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் (ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு), யுங்ஃபிராவ்யோஹ் மலை எல்லாம் அடக்கம். பயணத்துக்கென்று 2.2 லட்சம் சேர்த்திருக்கிறேன். மாதம் 20,000 ஒதுக்க முடியும். மே மாதத்துக்குள் 3.2 லட்சம் ஆகிவிடும், மீதி 3 லட்சத்துக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா? அவசரத்துக்கென்று போட்ட எஃப்.டி 4 லட்சம் இருக்கிறது. அதை உடைக்கலாமா? மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி-யை ஒரு வருடம் நிறுத்தலாமா?

பதில்: மூன்றுமே வேண்டாம் சார். ஆனால் பயணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏஜென்ட் போட்டிருப்பது குழந்தை இல்லாத தம்பதிக்கான பயணம். உங்களுக்கான பயணம் அதைவிட மெதுவானது, அதனாலேயே மலிவானது.

முதலில் கடன். 13% வட்டியில் 3 லட்சம், மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,100 ரூபாய். வட்டி மட்டும் 64,000 போகும். மனைவி வேலைக்குத் திரும்பினால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கோ கிரெஷுக்கோ எவ்வளவு ஆகும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தொகை தெரியாமல் 36 மாதத் தவணையில் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்.டி-யைத் தொடாமல் இருப்பதற்கும் காரணம் இதேதான். முதல் வருடத்தில் எத்தனை முறை ஆஸ்பத்திரி வாசல் மிதிப்போம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது ரயில் கணக்கு. ஒரு சுவிஸ் பிராங்க் 115 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். புக் பண்ணும் நாளில் உள்ள விலையைப் போட்டு மறுபடி ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

ஆறு நாள் பாஸ் ஒருவருக்குச் சுமார் 380 பிராங்க். இருவருக்கு 760, அதாவது 87,000 ரூபாய்க்கு மேல். 6 வயது முடியாத குழந்தைக்கு அங்கே ரயிலில் டிக்கெட்டே கிடையாது. தள்ளுவண்டிக்கும் காசு இல்லை. பாஸ் கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தினமும் அறுபது பிராங்குக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். காலையில் பால் கொடுத்து, டயபர் மாற்றி, குழந்தையைத் தூங்க வைத்து, ஓட்டலை விட்டுக் கிளம்பவே பதினொரு மணி ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிடுவீர்கள். இந்த லட்சணத்தில் தினம் ஒரு ஊர் ஓட முடியாது. ஓடவும் வேண்டாம்.

என்னைக் கேட்டால் இரண்டே ஊர்: லூட்செர்னில் 3 இரவு, இன்டர்லாக்கனில் 2 இரவு. சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லூட்செர்ன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், முழுக் கட்டணம் ஒருவருக்குச் சுமார் 30 பிராங்க். லூட்செர்னிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் (கிழக்கு நிலையம்) இரண்டு மணி நேரம், சுமார் 35. வழியில் புரூனிக் கணவாய் ஏறி இறங்கும் பாதை அது. ஏரிகளையும் மலையையும் இருக்கையை விட்டு எழாமலே பார்க்கலாம். இன்டர்லாக்கனிலிருந்து லவுட்டர்புரூனன் என்ற மலைக் கிராமம் 20 நிமிடம், போய்வர 16. கடைசி நாள் விமான நிலையம் திரும்ப 80-க்குள். கூட்டிப் பாருங்கள்: ஒருவருக்கு 161, இருவருக்கு 322 பிராங்க், ரூபாயில் 37,000.

மலை ஏறாமல் சுவிஸ் பயணமா என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு நாள் ரிகி மலைக்குப் போங்கள். லூட்செர்னில் படகு ஏறி விட்ஸ்நாவ் வந்து, அங்கிருந்து பல்சக்கர ரயில். 1871-இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான். படகும் ரயிலும் சேர்ந்து ஒருவருக்கு நூறைத் தாண்டும், 110 என்று வையுங்கள். அதையும் சேர்த்தால் மொத்த ரயில் செலவு 62,000 ரூபாய். அப்போதும் ஏஜென்ட் போட்ட பாஸைவிட 25,000 குறைவு. உள்ளபடி சொல்ல வேண்டுமானால், ரிகி நாளில் பாஸ் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் அந்த மலையும் படகும் அதில் அடக்கம். மற்ற ஐந்து நாட்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கொடுத்த காசுக்கு ஈடாகாது. ஹாஃப் ஃபேர் கார்டு என்று ஒன்று உண்டு, கட்டணம் பாதியாகும். ஆனால் அட்டைக்கே ஆளுக்கு நூறு பிராங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். உங்கள் அளவு பயணத்தில் மிஞ்சுவது பெரிதாக ஒன்றும் இல்லை.

யுங்ஃபிராவ்யோஹ்வை நான் வெட்டியது காசுக்காக மட்டும் இல்லை. இன்டர்லாக்கன் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, யுங்ஃபிராவ்யோஹ் ரயில் நிலையம் 3,454 மீட்டரில். சில மணி நேரத்தில் அவ்வளவு உயரம் ஏறும்போது காது வலிக்கிறது என்று சொல்லக்கூடத் தெரியாத குழந்தை உங்கள் மடியில். ரிகியின் உச்சி 1,798 மீட்டர்தான். எதற்கும் குழந்தைகள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யுங்ஃபிராவ்யோஹ் போய்வரக் கோடையில் ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல். பாஸ் இருந்தாலும் மேல்பகுதிக்கு 25% தள்ளுபடிதான் கிடைக்கும், இலவசம் இல்லை. ஏஜென்ட் தொகை ஏன் அங்கே போய் நின்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

மலிவு என்று தேடினால் சூப்பர்சேவர் டிக்கெட் கண்ணில் படும். பாதிக்கும் குறைவான விலையில்கூடக் கிடைக்கும். அதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன். எங்கள் மகளுக்கு அப்போது 11 மாதம். பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு வாந்தி எடுத்து, தன் சட்டை, என் சட்டை இரண்டையும் நனைத்துவிட்டாள். மாற்றிக்கொண்டு வருவதற்குள் ரயில் போய்விட்டது. அந்த டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு டிக்கெட் வாங்கினேன். சாதாரண டிக்கெட்டில் அந்தத் தொல்லை இல்லை. அன்றைக்கு அந்த வழித்தடத்தில் எந்த ரயிலிலும் ஏறலாம். பெரும்பாலான தடங்களில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு ரயில் வந்துகொண்டே இருக்கும். அதனால் முன்கூட்டி வாங்காமல், கிளம்பும்போது சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி செயலியில் வாங்குங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: ஊர் திரும்பும் நாள். விமானத் தேதி மாறப்போவதில்லை. அன்றைக்கு மட்டும் சேவர் டே பாஸ் என்ற ஒரு நாள் சீட்டைப் பாருங்கள். சீக்கிரம் எடுத்தால் 52 பிராங்கில் தொடங்கும். அது தேதிக்குத்தான் கட்டுப்பட்டது, ரயிலுக்கு இல்லை. இருவருக்கும் சேர்த்து 6,000 ரூபாய் மிஞ்சலாம்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். இன்டர்லாக்கன் ஓஸ்டில் லவுட்டர்புரூனன் ரயிலில் ஏறும்போது பெட்டியின் பலகையைப் பாருங்கள். அந்த ரயில் வழியில் ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கிரிண்டெல்வால்டுக்குப் போய்விடும். லவுட்டர்புரூனனில் இறங்கியதும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டே ஸ்டவ்பாஹ் அருவி வரை நடக்கலாம். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, கீழே நின்று பார்க்கக் காசு கிடையாது. இரட்டை அடுக்கு இன்டர்சிட்டி ரயில்களில் மேல்தளத்தில் குழந்தைகள் விளையாடும் பெட்டி உண்டு. ஆனால் உங்கள் குட்டிக்கு அது இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான் உதவும். தள்ளுவண்டியோடு கீழ்த்தளத்திலேயே உட்காருங்கள்.

தங்குமிடத்தில் சமையலறை இருக்கட்டும். இரவுக்கு 180 பிராங்க் என்று வைத்தால் 5 இரவுக்கு 1.04 லட்சம். கஞ்சி காய்ச்ச, பாட்டில் கொதிக்க வைக்க ஓட்டல் அறையில் வழி இருக்காது. மிக்ரோஸ், கோப் கடைகளில் டயபர் முதல் தயிர் வரை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால் பாட்டில் தண்ணீர்ச் செலவு மிச்சம். சாப்பாட்டுக்கு மொத்தம் 400 பிராங்க், அதாவது 46,000 போதும். லூட்செர்னிலும் இன்டர்லாக்கனிலும் தங்குபவர்களுக்கு விருந்தினர் அட்டை தருவார்கள், அதில் உள்ளூர் பஸ் இலவசம். செக்-இன் செய்யும்போது கேட்டு வாங்குங்கள்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இல்லை. ஆனால் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். சேவைக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 25,000. விமானத்துக்கு 1.55 லட்சம். மொத்தம் 3.92 லட்சம் வருகிறது.

மே மாதத்தில் உங்களிடம் இருக்கப்போவது 3.2 லட்சம். செப்டம்பர் வரை தள்ளினால் 4 லட்சம். அப்போது குழந்தைக்கு 13 மாதம். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கான குறைந்த விமானக் கட்டணம் 2 வயது வரை உண்டு, ரயிலில் 6 வயது வரை இலவசம். ஆகவே அவசரம் எதற்கு? ஒரே குறை, 13 மாதக் குழந்தை விமானத் தொட்டிலுக்குள் அடங்காமல் போகலாம். எடை வரம்பை முன்பே கேளுங்கள். தள்ளிப்போடுவதில் இன்னொரு லாபம், மனைவி வேலைக்குத் திரும்பி மூன்று மாத வீட்டுச் செலவையும் பார்த்த பிறகே விமான டிக்கெட் போடலாம். அந்தச் செலவுக்குப் பிறகு மாதம் 20,000 மிஞ்சவில்லை என்றால் அடுத்த ஏப்ரல். அப்போதும் குழந்தைக்கு 2 வயது ஆகியிருக்காது.

அங்கே கார்டு தேய்க்கும்போது, ரூபாயிலா பிராங்கிலா என்று மெஷின் கேட்கும். பிராங்க் என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மோசமான விலையில் மாற்றிவிடுவார்கள். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5% மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி-யும் போனால் லட்சத்துக்கு 4,130 ரூபாய். பிராங்கிலேயே பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டுக்கு உங்கள் வங்கி எவ்வளவு எடுக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.