பீடத்தின் பெயரில் ஒரு சதுக்கம்

அன்புள்ள ஐயா,

மெக்சிகோ நகரத்தின் சோக்கலோ சதுக்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். படத்தில் பார்த்தால் மரம் இல்லை, உட்கார ஒரு பெஞ்சு இல்லை. வெறும் கல் தளம், நடுவில் கொடிக்கம்பம். ஸ்பானியர்கள், அங்கே முன்பு ஆண்ட அஸ்டெக்குகளின் நகரத்தை இடித்துவிட்டு, தங்கள் அதிகாரத்தைக் காட்டப் போட்ட வெளிதானே அது? அதை எப்படி மக்கள் கூடும் இடம் என்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அதிகாரத்தைக் காட்டத்தான் போட்டார்கள், சந்தேகமே இல்லை. 1520களில் புது நகரத்துக்குக் கோடு போட்டபோது வடக்கே தேவாலயம், கிழக்கே அரண்மனை என்று வைத்தார்கள். அஸ்டெக்குகளின் பெருங்கோயில் பக்கத்திலேயே மண்ணுக்குள் போனது. 1978-இல் மின்துறை ஊழியர்கள் குழி தோண்டியபோது நிலாத் தெய்வத்தின் வட்டக்கல் அகப்பட்டு, அப்புறம்தான் பெரிய அகழாய்வு தொடங்கியது.

ஆனால் அந்த வெளியை ஆட்சியாளர்களால் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள முடியவில்லை. 1692-இல் மக்காச்சோளத் தட்டுப்பாடு வந்தபோது பசித்த சனம் அங்கேதான் திரண்டு அரண்மனைக்குத் தீ வைத்தது. கடைகளும் எரிந்தன. அதன் பிறகு எழுந்த பாரியான் சந்தைக் கட்டடத்தை 1843-இல் அப்போதைய அதிபர் சாந்தா அன்னா இடித்துவிட்டு, விடுதலை நினைவுத்தூண் எழுப்ப உத்தரவிட்டார். பீடம் மட்டும் எழுந்தது. தூண் வரவே இல்லை. பீடத்துக்கு ஸ்பானிய மொழியில் சோக்கலோ. சனங்கள் அதையே சதுக்கத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். அரசியல் சாசனச் சதுக்கம் என்ற அரசாங்கப் பெயர் காகிதத்தில் இருக்கிறது. மெக்சிகோவின் வேறு பல ஊர்களிலும் இப்போது நடுச் சதுக்கத்துக்கு இதே பெயர்தான். எனக்கு இந்த இடத்தின் மேல் பிரியம் வந்ததே இந்தப் பெயரால்தான்.

மரங்கள் ஒருகாலத்தில் இருந்தன, டிராம்களும் வந்துபோயின. 1950களில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நிழல் இல்லாதது குறைதான். வெயில் நாளில் கொடிக்கம்பத்தின் நிழலுக்குள் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதுண்டு. நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள். ஆனால் செப்டம்பர் 15 இரவு அதிபர் அரண்மனை மாடத்திலிருந்து எழுப்பும் சுதந்திர முழக்கத்துக்கு அத்தனை கூட்டத்தையும் வாங்கிக்கொள்வது அந்த வெறும் தளம்தான். 1968 ஆகஸ்ட் 27 அன்று அரசை எதிர்த்து நடந்த ஊர்வலம் முடிந்தும் கலையாமல் தங்கிய மாணவர்களை நள்ளிரவுக்குப் பின் ராணுவம் கவச வண்டிகளோடு வந்து விரட்டியதும் அங்கேதான். அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்வலங்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

விழாவும் போராட்டமும் இல்லாத நாளில் போனால் தேவாலயத்தின் கம்பி வேலியோரம் பாருங்கள். பிளம்பர், எலக்ட்ரீசியன், கொத்தனார் என்று அட்டையில் எழுதிவைத்து, பக்கத்தில் கருவிப் பையோடு வேலைக்குக் காத்திருப்பவர்களைக் காணலாம்.