கேள்வி பதில்: கடற்படைப் பயிற்சியோடு கல்லூரி

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை உள்ள என் அக்கா மகன், அங்கே என்.ஆர்.ஓ.டி.சி. எனும் பல்கலைக்கழகக் கடற்படை அதிகாரி பயிற்சியில் உதவித்தொகையோடு சேர்கிறான். எதில் கவனம் வேண்டும்?

பதில்: எல்லோரும் ஓட்டத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். காலை வாருவது கணக்கு! கடற்படைப் பிரிவில் வரலாறு படித்தாலும், இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் இரண்டு பருவம் கால்குலஸ் (நுண்கணிதம்), மூன்றாம் ஆண்டு முடிவுக்குள் இரண்டு பருவம் இயற்பியல் முடித்தாக வேண்டும். கால்குலஸ் இல்லாத இயற்பியல் செல்லாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் தவறாக எடுத்துவிடுவார்கள். பதியுமுன் ஆலோசகரிடம் காட்டட்டும்.

உடல் தேர்வில் தண்டால், பிளாங்க் (முழங்கை ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), ஒன்றரை மைல் ஓட்டம். பிளாங்கில் இடுப்பு தொங்குவதுதான் வழக்கமான கோளாறு.

உதவித்தொகை கல்விக் கட்டணத்துக்கு. விடுதி, சாப்பாடு பெரும்பாலும் கைக்காசு. முதலாண்டில் மாதம் 250 டாலர் படி கிடைக்கும். விலகுவதானால் இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் விலகட்டும். பிறகென்றால் படையில் பணிசெய்து தீர்க்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.