தொண்டை வலிக்கு அதிமதுரமா, சித்தரத்தையா?

வறட்டு இருமலோடு தொண்டை எரிகிறது, நாட்டுமருந்துக் கடையில் இந்த இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எரிச்சலும் வறட்சியும்தான் தொல்லை என்றால் அதிமதுரம். சின்னத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, ஊறும் சாற்றை மெதுவாக விழுங்குங்கள். அதிலுள்ள கிளைசிரைசின் சர்க்கரையைவிடச் சுமார் 50 மடங்கு இனிப்பு. உமிழ்நீர் நன்றாகச் சுரந்து, காய்ந்த தொண்டை நனைந்துகொண்டே இருக்கும்.

சளியும் இருந்தால் சித்தரத்தை. ஆனால் அது காரம், ரணமான தொண்டையில் சுரீரென்று இறங்கும். அதனால் நான் அதைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, பனங்கற்கண்டு சேர்த்துத்தான் குடிப்பேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அதிமதுரத்தை நாள்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறலாம், உடலில் பொட்டாசியம் குறையலாம். பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம், வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்பளிப்பதை விட்டுவிடாதீர்கள். ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு போதும். இவையெல்லாம் வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். காய்ச்சல் அதிகமானாலோ எச்சில்கூட விழுங்க முடியாவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.