விண்டோஸில் திறக்கும் பென்டிரைவ் லினக்ஸில் ஏன் திறக்கவில்லை?

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: பார்ட்டி (ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளர்) டிசைன் போட்டுக் கொடுத்த பென்டிரைவ் விண்டோஸில் திறக்கிறது, லினக்ஸ் வகையான உபுண்டுவில் மவுன்ட் ஆகவில்லை, அதாவது கணினியோடு இணைந்து திறக்கவில்லை.

முதலில் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையைக் கொடுத்துப் பாருங்க; இணைந்துள்ள டிரைவ்களின் பட்டியல் வரும். பட்டியலில் பென்டிரைவே வரவில்லையா? வேறு போர்ட்டில் செருகுங்கள். வந்தும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஃபைல் சிஸ்டம், அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையில் உள்ள சிக்கல்தான். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) வடிவில் உள்ள டிரைவை விண்டோஸில் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால், சரியாக மூடப்படவில்லை என்ற குறி அதில் தங்கிவிடக்கூடும். 2021இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.15 பதிப்போடு வந்த, என்டிஎஃப்எஸ் டிரைவ்களைப் படிக்கும் என்டிஎஃப்எஸ்3 டிரைவர் மென்பொருள், அந்தக் குறியைக் கண்டால் மவுன்ட் செய்ய மறுக்கும். டேட்டா மேலும் கெடாமல் இருக்கத்தான் இந்தக் கண்டிப்பு, எனக்கு அது சரியாகவே படுகிறது. அதனால் வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்ய வேண்டாம். விண்டோஸ் கணினியில் டிரைவின் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் (chkdsk) ஓட்டி, முறையாக எஜெக்ட் செய்து கொண்டுவாங்க.

அப்புறம், நடுவில் கணினி ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீங்க. பார்ட்டியின் டிசைன் மொத்தமும் போய்விடும்.