ஹேர்னியா வயிற்றில், வாயைத் திறக்கச் சொல்வது ஏன்?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 63. நீரிழிவும் பிரஷரும் இருக்கின்றன. ஹேர்னியா சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. மயக்க மருந்து வைத்தியரோ ஹேர்னியாவைப் பார்க்காமல் வாயைத் திறக்கச் சொன்னார். எவ்வளவு தூரம் நடப்பீர்கள், வெற்றிலை போடுவீர்களா என்றார். இவை எதற்கு? முதுகில் பழைய ஷெல் துண்டு ஒன்று இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டுமா?"

ஷெல் துண்டைக் கட்டாயம் சொல்லுங்கள். ஹேர்னியாவுக்குப் பல வேளைகளில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைப்போம். துண்டு முள்ளந்தண்டை ஒட்டி இருந்தால் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம். பழைய எக்ஸ்ரே இல்லையென்றால் தழும்பைக் காட்டுங்கள். தேவையானால் புதிதாக எடுப்பார்கள். 2009 போரில் காயப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பலரிடம் ஒரு துண்டுச்சீட்டுக்கூட இல்லை. அப்படியானால் அப்போது பக்கத்தில் நின்றவர்களைக் கேளுங்கள்: மயக்கம் தெளியத் தாமதமானதா? எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா? குருதி ஏற்றினார்களா? தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு அது பெரிய உதவி.

வாய்க்கு வருவோம். முழு மயக்கத்தில் பெரும்பாலும் தொண்டை வழியாகச் சுவாசக் குழாய் செலுத்துவோம். நெடுங்காலம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பது குறுகிவிடலாம். அப்பா தன்னுடைய மூன்று விரல்களைச் சேர்த்து, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆடும் பல்லையும் கட்டுப்பல்லையும் மறைக்க வேண்டாம்.

நடையைக் கேட்டது இதயத்துக்காக. இரண்டு மாடிப் படி ஏற முடியுமா என்பது பாடப்புத்தகக் கேள்வி. ஒட்டுசுட்டானில் எத்தனை வீட்டில் மாடி இருக்கிறது? நான் எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பதைப் பற்றிக் கேட்பேன். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார்கள் அப்பாமார்; பக்கத்தில் நிற்கும் அம்மாதான், வழியில் இரண்டு தடவை இறங்கி நின்றதைச் சொல்வார்.

இவற்றோடு நோய்களையும் சேர்த்துப் பார்த்து, உடல்நிலைக்கு 1 முதல் 6 வரை தரம் இடுகிறோம்; 1 என்றால் நல்ல ஆரோக்கியம். நீரிழிவும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருந்தால் 2, இல்லாவிட்டால் 3. பிரஷர் 180/110க்கு மேல் நின்றால், அவசரமில்லாத சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவது வழக்கம். அதற்காக வைத்தியரைக் கோபிக்காதீர்கள்.

கிளினிக் கொப்பியோடு மாத்திரைப் பையையும், நாட்டு மருந்து எடுத்தால் அதையும் கொண்டு போங்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை வைத்தியர் சொல்லட்டும். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபோர்மினைப் பொதுவாக சத்திரசிகிச்சை அன்று காலை தவிர்ப்போம்; குருதி உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் போன்றவற்றை நிறுத்துவதானால் பல நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலின் அளவைத் தனியாகக் கேளுங்கள்.

முதுகில் ஊசி என்றாலும் வெறும் வயிறு வேண்டும்: சாப்பாட்டை 6 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும், வார்ட்டில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். பால்தேநீர் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும்.